நான்காவது பொருளுக்கு ஒரு பெயர்

தேவதாஸ் வாத்தியாருக்கு ஒரு கெட்ட பழக்கம். வாக்கியம் எழுத உட்கார்ந்தால் அக்கம்பக்கத்தாரை அதற்குள் இழுத்துவிடுவார். மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளுக்கு இன்னும் ஒரு மாதம்தான். இனி ஆபீஸ் வேலைக்கு நாலு இங்கிலீஷ் வார்த்தையாவது தெரிய வேண்டுமென்று அவர் குடியிருந்த காஜா பெராங் முழுக்க ஒரே பேச்சு. அவரும் ஒரு சின்ன இங்கிலீஷ்-தமிழ் அகராதியை எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டார். தெரிந்தவர் பேரைப் போட்டால் சிரித்துக்கொண்டே படிப்பார்கள் என்பது அவருடைய எண்ணம். சிரிப்பு யாருக்கு வரப்போகிறது என்பதை அவர் யோசிக்கவில்லை.

'ஃபைட்' என்ற வார்த்தைக்கு நான்கு பொருள் கொடுத்திருந்தார். கைகலப்புக்கு, 'ராஜரத்தினமும் தம்பிராஜாவும் அடித்துக்கொள்கிறார்கள்.' வாய்ச்சண்டைக்கு, 'அப்துல் சமது ஐஸ்காரரோடு சண்டை போடுகிறார்.' உரிமை கேட்பதற்கு, 'பஸ் டிரைவர் கணேசமூர்த்தி ஓய்வுநாளுக்காகப் போராடுகிறார்.' நான்காவதை எழுதும்போது மனைவி ருக்மணி தோளுக்குப் பின்னால் நின்று, "ஊர்ல உள்ளவங்க பேரெல்லாம் போடுறீங்க, என் பேருக்கு மட்டும் இடமில்லையா?" என்று கேட்டாள். போட்டுவிட்டார். 'ருக்மணி காய்ச்சலோடு போராடுகிறாள்.'

திங்கட்கிழமை அந்தப் பக்கத்தை அச்சுக் கோத்தார்கள். அன்றைக்கே, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அண்ணன் தம்பி ராஜரத்தினமும் தம்பிராஜாவும் முடிவெட்டும் கடை வாசலில் சாக்கடைக்குள் கட்டிப் புரண்டார்கள். வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். புதன்கிழமை, அதிர்ந்து பேசத் தெரியாத அப்துல் சமது ஐஸ்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினார். வியாழக்கிழமை கணேசமூர்த்தி பஸ்ஸுக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டார். எதற்கு உட்கார்ந்தோம் என்று அவருக்கே தெரியவில்லையாம். அதைக் கேட்டு வாத்தியார் சிரிக்கவில்லை; அடுத்த வரியில் இருந்தது ருக்மணியின் பேர்.

வெள்ளிக்கிழமை ருக்மணி எழுந்திருக்கவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போனார். நடுப்பகலில் கணவனையே பார்த்து, "யாரு நீங்க?" என்றாள். வாத்தியார் சைக்கிளை மிதித்து அச்சாபீசுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அச்சுக் கோக்கும் முகைதீன் நிமிர்ந்து பார்த்தார். "வரியை எடுக்க முடியாது வாத்தியாரே. பதினாறு பக்கமும் கட்டி முடிச்சாச்சு, ஒண்ணை உருவினா எல்லாம் நகரும். நாளைக்கு மெஷின்ல ஏத்தணும். வேணும்னா பேரை மாத்தித் தாரேன்."

'அவள்' என்று போடலாமா? எந்த அவள்? அது யார் மேல் போய் விழுமோ? வாத்தியார் தெரிந்த பெண்களின் பேர்களை ஒவ்வொன்றாய் நினைத்து ஒவ்வொன்றாய்த் தள்ளினார். காஜா பெராங்கில் யாருக்கும் இல்லாத பேர் வேண்டும். கடைசியில் ஒன்று கிடைத்தது.

"ஜெயான்னு போடுங்க."

முகைதீன் நான்கு எழுத்தைப் பிடுங்கி, இரண்டை வைத்து, மிச்ச இடத்தை வெற்றுத் துண்டால் அடைத்தார். வாத்தியார் வீடு திரும்பியபோது ருக்மணி பாயில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். "எங்க போயிட்டீங்க?" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் வாய்விட்டு அழுதார்.

சாயங்காலம் பின்வீட்டு விஜயா, கைக்குழந்தையும் ஒரு தூக்கு பாயசமுமாக வந்தாள். "புள்ள பொறந்து முப்பதாம் நாள் இன்னிக்கு. உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னாங்க, அதான் நானே தூக்கிட்டு வந்தேன் அக்கா. மதியம்தான் பேர் வச்சோம். சரஸ்வதின்னு முடிவு பண்ணி வச்சிருந்தோம். காதுல சொல்லக் குனிஞ்ச எங்க வீட்டு மனுசன் என்னமோ ஜெயான்னு சொல்லிட்டாரு. ஏன்னு கேட்டா, வாயில வந்துச்சுங்கிறாரு."

ருக்மணி சிரித்துக்கொண்டே குழந்தையை வாங்கிக் கன்னத்தோடு வைத்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "என்ன விஜயா, புள்ள இப்படிக் கொதிக்குது?"

வாத்தியார் மனைவியைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். யாருக்கும் இல்லாத பேர் என்று எவ்வளவு சுளுவாக நினைத்துவிட்டோம் என்று தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. மறுபடியும் சைக்கிளை எடுத்தார்.

முகைதீன் கதவை அடைத்துக்கொண்டிருந்தார். "மறுபடியுமா? இப்ப யாரு பேரு வாத்தியாரே?"

"என் பேரு," என்றார் தேவதாஸ்.