படத்தில் உள்ளபடி

எங்கள் சங்கம் நிலத்தைக் காப்பாற்றுகிறது. யாரிடமிருந்து என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கென்று ஒரு துணைக்குழு இருக்கிறது, அது இன்னும் கூடவில்லை. சங்கத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் சேவை செய்கிறவர்கள். அதாவது, அவர்கள் பேசுவார்கள், நான் செய்வேன்.

வேலை இதுதான். தன் நிலத்தில் கட்டடம் வரக்கூடாது, மண் கொட்டக்கூடாது, உள்ளது உள்ளபடியே கிடக்கட்டும் என்று நினைக்கிற சொந்தக்காரர்கள் எங்களோடு ஒப்பந்தம் போடுவார்கள். நிலம் அவர்களுடையதுதான், அதில் கை வைக்கிற உரிமை மட்டும் அவர்களுக்குக் கிடையாது. ஒப்பந்தம் போடுகிற அன்று ஒரு முளைக்குச்சி அடித்து, அந்த இடத்தில் நின்று ஒரு போட்டோ எடுப்போம். அதற்குப் பெயர் ஆதாரப் படம். வருடா வருடம் நான் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போய், அதே குச்சியருகே நின்று, அதே பக்கம் பார்த்து இன்னொரு படம் எடுக்க வேண்டும். செயற்குழு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வித்தியாசம் தேடும். படத்தில் உள்ளபடி நிலம் இருந்தால் எல்லாம் சுகம். இல்லாவிட்டால் சொந்தக்காரருக்கு நோட்டீஸ்.

ஒருமுறை புயலில் ஒரு மரம் விழுந்துவிட்டது. விழுந்ததற்குச் சொந்தக்காரர் பொறுப்பா, காற்று பொறுப்பா என்று கூட்டம் மேல் கூட்டம் போட்டார்கள். காற்றின் விலாசம் கிடைக்காததால் சொந்தக்காரருக்கே நோட்டீஸ் போயிற்று. இன்னொருமுறை, ஆதாரப் படத்தில் இருந்த கொக்கு இந்த வருடப் படத்தில் ஏன் இல்லை என்று என்னைக் கேட்டார்கள். "லீவுல போயிருக்குங்க" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மரத்துக்காக நோட்டீஸ் வாங்கிய அந்தச் சொந்தக்காரர் வேறு யாருமில்லை, என் சித்தப்பா. வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்றதும் வீட்டைச் சுற்றிக் கிடந்த சதுப்பு நிலத்தின் மேல் பைத்தியமாகிவிட்ட மனிதர். ஹார்ன் சத்தத்தில் செத்துப்போன காதுக்குத் தவளைச் சத்தம்தான் மருந்து என்பார். யாரும் கேட்காமலே சங்கத்தைத் தேடிப்போய்க் கையெழுத்துப் போட்டவர். சாட்சியாகக் கையெழுத்துப் போட்டது சித்தி. அவள் பேனாவைக் குத்திய குத்தில் காகிதம் கிழிந்தது.

போன மழைக்காலத்தில் சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள். அங்கே சுவரோரம் ஒரு கட்டில். சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் நிலையம். பாவி மனுஷன் எதிலிருந்து தப்பித்து ஓடினாரோ அதன் மடியிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். போய்ப் பார்க்கும்போதெல்லாம், "வீட்டுக்கு" என்ற ஒரு வார்த்தையை மட்டும் முழுசாகச் சொல்வார்.

டாக்டர் அனுப்பத் தயார்தான். ஆனால் வாரா வாரம் சிகிச்சைக்கு அழைத்துவர வேண்டும்; அவரைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்க முடியாது. "வண்டி வாசல் வரைக்கும் வரும்னா சொல்லுங்கம்மா, நாளைக்கே அனுப்பிடறேன்" என்றார்.

வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மண் தடம். வெயிலில் நடக்கலாம், மழையில் நீந்தலாம். ஒரு வண்டி அகலத்துக்குச் சரளைக்கல் கொட்டினால் போதும். ஆனால் ஆதாரப் படத்தில் அந்தத் தடம் மண்ணாக அல்லவா இருக்கிறது!

"ஏண்டி, நீ அங்கதானே வேலை பாக்கற? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றாள் சித்தி.

"நான் சொன்னா எடுபடாது சித்தி. நான் உங்களுக்குச் சொந்தம்."

"சொந்தம்னாதான்டி எல்லா எடத்துலயும் எடுபடும். இதென்ன உலகத்துல இல்லாத சங்கமா இருக்கு!"

மனு எழுதிக் கொடுத்தாள். செயற்குழு கூடியது.

எங்கள் தலைவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். பிடுங்கப் பல் கிடைக்காமல் களை பிடுங்க வந்தவர். யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். செயலாளர் ஒரு முன்னாள் தலைமையாசிரியை. விதி என்ற சொல் இல்லாமல் அந்த அம்மாவுக்கு ஒரு வாக்கியம் முடியாது. மனுவைப் பார்த்ததும், "நீங்க மனு போட்டவங்களுக்குச் சொந்தம். விதிப்படி வெளியில உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். அந்தக் கதவு சரியாகச் சாத்தாது என்பது அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

"பாவம், மனிதாபிமானத்தோட பாக்கணும்" என்றார் தலைவர்.

"பாக்கலாம். விதிப்படி பாக்கலாம்" என்றார் செயலாளர்.

"கல்லு கொட்டினா தவளைங்களுக்கு என்ன ஆகும்?" என்று ஒரு குரல். அதுவரை தவளையைப் படத்தில் கூடப் பார்த்திராத குரல்.

அவ்வளவுதான். வழவழா கொழகொழா என்று பேச்சு வளர்ந்து, அடுத்த மழைக்காலத்தில் தவளைகளைக் கணக்கெடுத்து, அதற்கடுத்த மழைக்காலத்தில் அறிக்கை தயாரித்து, பிறகு மனுவைப் பரிசீலிப்பது என்று முடிவாயிற்று. அதுவரை குடும்பத்துக்கு ஆழ்ந்த அனுதாபம் என்று ஒரு தீர்மானம். அதை ஒருமனதாக நிறைவேற்றிவிட்டு பிஸ்கட் சாப்பிட்டார்கள்.

தீர்மானத்தைச் சித்தியிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இந்த அனுதாபத்தை ரோட்டுல கொட்டினா வண்டி போகுமாடி?"

இந்த லட்சணத்தில் சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. எங்கள் பொறுப்பில் உள்ள நிலங்களிலேயே பார்க்க லட்சணமானது சித்தப்பாவின் சதுப்புதான் என்பதால், விழா அங்கேயே என்றார்கள். தலைமை விருந்தாளி ஒரு கட்டட முதலாளி. ஊரில் தண்ணீர் தேங்குகிற இடமாகப் பார்த்து மூடி, வீடு கட்டி விற்றவர். இப்போது வயதாகிவிட்டதால் இயற்கையின் மேல் பாசம் பொங்கியிருந்தது. அவருடைய கார் தரையைத் தடவிக்கொண்டு போகிற ஜாதி.

"மண் தடத்துல அந்த கார் எப்படிப் போகும்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

தலைவர் பதறிப்போனார். "ஐயையோ! சரளை கொட்டிடுங்க. உடனே!"

"தவளைங்க?"

"ஒரு நாள்தானே? அட்ஜஸ்ட் பண்ணிக்கும். மறுநாள் காலையில எல்லாத்தையும் வாரிடலாம்" என்றார். செயலாளரும் தற்காலிகப் பாதைக்கு விதியில் தடையில்லை என்றார். சொன்ன டீ மேஜைக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் அந்த வீட்டுக்குச் சொந்தம் என்பது இந்தமுறை யாருக்கும் ஞாபகம் வரவில்லை. லாரிக்குச் சொல்ல ஆள் வேண்டுமே!

அன்று சாயங்காலமே சித்தியின் போன். "ஏண்டி, லாரி லாரியா கல்லு வருது, மனசு மாறிட்டாங்களா?"

"விழாவுக்கு சித்தி. விருந்தாளி காருக்காக. மறுநாள் எடுத்துடுவாங்க."

"சரிடி" என்று போனை வைத்துவிட்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். சித்தி சும்மா இருக்கிற ஜென்மம் இல்லை.

விழா நாள். மேடை, வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி, நாணல் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு தற்காலிகக் கழிப்பறை. கட்டட முதலாளி மைக்கைப் பிடித்து, "ஒரு பிடி மண்ணைக்கூட நாம தொந்தரவு பண்ணக்கூடாது" என்று கண்கலங்கிக்கொண்டிருந்தார். அப்போது சரளையின் மேல் நறநறவென்று சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். பராமரிப்பு இல்லத்தின் வண்டி ஆடி அசைந்து வந்து, முதலாளியின் காருக்குப் பின்னால் நின்றது. சித்தி முன் சீட்டிலிருந்து இறங்கினாள்.

ஓடிப்போய், "என்ன சித்தி இது?" என்று அவள் காதில் கேட்டேன்.

"பாதை வந்தாச்சு, டாக்டர்கிட்ட வாரக் கடைசி வரைக்கும்னு கேட்டு வண்டிய வரச் சொல்லிட்டேன். கல்லு ஒரு நாள்தான் இருந்தா என்ன, வரட்டும். உங்க சித்தப்பா வீட்டைப் பாத்து எத்தனை மாசமாச்சு!" என்றாள்.

சித்தப்பாவைச் சக்கர நாற்காலியோடு இறக்கினார்கள். கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. தலைவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கப் போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தால், அந்த மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது.

காரணம் இருக்கிறது. இந்த நிலத்து ஆதாரப் படத்தின் ஓரத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு பழைய தலைவர் நிற்பார். தேர்தலில் நம் பல் டாக்டரை ஒருமுறை மண்ணைக் கவ்வவைத்தவர். சங்கத்தின் காலண்டரிலும் ஆண்டு மலரிலும் அந்தப் படம்தான். அதை மாற்ற ஒரு சாக்குக் கிடைக்காதா என்று இவர் வருடக்கணக்காகத் தவித்துக்கொண்டிருந்தார்.

மைக்கைப் பிடுங்கினார். "இதோ, இந்த நிலத்தை நமக்குத் தந்த வள்ளல்! இந்தப் பொன்னான நேரத்தைப் படம் எடுக்க வேண்டாமா?" என்றார். சித்தப்பாவின் நாற்காலியை நடுவில் நிறுத்தி, இந்தப் பக்கம் தான், அந்தப் பக்கம் முதலாளி. "நீங்க அந்தக் குச்சிகிட்ட நின்னு எடுங்க" என்று எனக்கு உத்தரவு. எடுத்தேன். உறுப்பினர்கள் எல்லோரும் அங்கேயே இருந்ததால், "இனிமே இதுதான் ஆதாரப் படம்! சம்மதம்னா கை தூக்குங்க!" என்றார். எல்லாக் கைகளும் எழுந்தன. உறுப்பினரே இல்லாத சித்தியும் தூக்கினாள். "விதிப்படி நிறைவேறியது" என்று செயலாளர் குறித்துக்கொண்டார்.

என்ன செய்துவிட்டார்கள் என்று அப்போது அவர்களுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

மறுநாள் காலை கல் வார லாரி வந்தது. சித்தி பாதையின் குறுக்கே போய் நின்றாள். "என் மேல ஏத்திட்டு எடுத்துட்டுப் போங்க!" டிரைவர் கையைப் பிசைந்தார். கல் போனால் வண்டி வராது, வண்டி வராவிட்டால் வாரக் கடைசியில் சித்தப்பா மறுபடியும் அந்தச் சுவரோரக் கட்டிலுக்கு. நான் செய்வதறியாமல் கேமராவைத் திறந்து நேற்றைய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. தலைவரும் செயலாளரும் வந்து இறங்கினார்கள்.

"ஐயா, கல்லை எடுக்க முடியாதுங்க" என்றேன்.

"ஏன்?"

"புது ஆதாரப் படத்துல கல்லு இருக்கு. எடுத்தா ஒப்பந்த மீறல். நோட்டீஸ் அனுப்பணும்."

"யாருக்கு?"

"எடுக்கச் சொன்னவங்களுக்கு. உங்களுக்குத்தான்."

எதைப் பிடுங்கலாம் என்று தேடுகிறவர் போலத் தலைவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செயலாளர் பக்கம் திரும்பினார். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை மேலிருந்து கீழாக ஆராய்ந்தார். "இருக்கே. தெளிவா இருக்கே. விதிப்படி தொடக்கூடாது."

"அப்போ பழைய படத்துக்கே போயிடலாம்!"

"போகலாம். பொதுக்குழுவைக் கூட்டி, பழைய தலைவர் நிக்கற படமே நல்ல படம்னு நீங்க முன்மொழியணும்."

தலைவர் லாரியைப் போகச் சொல்லிக் கை காட்டினார்.

படத்தில் நாற்காலிகளும் கழிப்பறையும் கூட இருக்கின்றனவே, அவற்றையும் இனி காக்க வேண்டுமா என்று செயலாளருக்குப் பெரிய கவலை. வாடகைக்காரர் வேறு வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "கொக்கு மாதிரிதாங்க, அதெல்லாம் வந்து போறது. லீவுல போயிருக்குன்னு எழுதிடலாம்" என்றேன். ஏற்றுக்கொண்டார்கள். முன் உதாரணம் இருக்கிறதே!

லாரி காலியாகத் திரும்பிப்போனது. சித்தி மூச்சு வாங்க உள்ளே ஓடி, சித்தப்பாவின் நாற்காலியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். "பாருங்க! இனிமே உங்கள யாரும் எங்கயும் கொண்டுபோக முடியாது!"

சித்தப்பா பார்த்தார். நேற்றைய அமளியில் அவர் தரையைக் கவனித்திருக்கவில்லை போலிருக்கிறது. நாணலுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று நீண்டு கிடந்த கல்லை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"யாரு... கல்லு... கொட்டினது?"

சித்தி குனிந்து அவர் தோள் துண்டைச் சரிசெய்தாள்.

"எடுக்கச் சொல்லு" என்றார். கோபத்தில் அது குழறாமல் வந்தது.

அத்தனை பேரும் வைத்துக் கூத்தடித்த ஒப்பந்தத்தில் மனசறிந்து கையெழுத்துப் போட்டவர் இந்த ஒரே மனிதர்தான். அவருக்காகவே அதை உடைத்திருந்தோம்.

"எடுக்க முடியாதுங்க. படத்துல இருக்கு" என்றாள் சித்தி.

அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். இடது கண்ணில் தண்ணீர் வழிந்தது. சித்தி படியில் உட்கார்ந்து, விழுந்துபோன அந்த வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா இந்தச் சேத்துக்கு நான்தானே வழி விட்டேன்? வழுக்கி விழுந்தேன், செருப்பைத் தொலைச்சேன், ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?"

"சொன்...னே" என்றார் சித்தப்பா.

"சரி, சொன்னேன். நெறையவே சொன்னேன். ஆனா விட்டுட்டுப் போகலையே! நீங்க இல்லாத வீட்டுல இந்தத் தவளைங்க கத்தறத என்னால தனியா கேக்க முடியலங்க. ஒரு நாள்கூட முடியல."

சித்தப்பா அவள் முகத்தையே பார்த்தார். கல்லைப் பார்க்கவில்லை.

"வண்டி... எப்போ... வரும்?"

"திங்கக்கிழமை. போயிட்டு அன்னிக்கே திரும்பி வந்துடலாம். அதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?" என்று அவரை அதட்டிவிட்டு, அவள்தான் அழுதாள்.