சிவப்புத் திண்டு

அருங்காட்சியகத்தின் துணிப் பிரிவில் அவளுக்கு அகராதி என்று பட்டப்பெயர். பழைய காலத்துப் பெண்கள் செருகியது, முடிந்தது, இடுப்பில் கட்டியது என்று எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் சட்டென்று அதன் பெயரைச் சொல்லிவிடுவாள். தம்பியும் அவளை அகராதி என்றுதான் கூப்பிடுவான். அவன் வாயில் மட்டும் அது பாராட்டாக ஒலிக்காது.

தம்பியின் மாமியார் வீட்டார் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியும் அவன் மனைவியும் அவளையும் அங்கே சாப்பிட அழைத்துப் போனார்கள். அந்த மாமியாரை அவளும் அத்தை என்றே கூப்பிடுவாள். அளந்து பேசுகிற மனுஷி. கணவர் காலமான பிறகு மகன், மருமகளோடு இருந்தார்.

சாப்பாடு முடிந்ததும் மருமகள்தான் ஆரம்பித்தாள். “அக்கா, வீடு மாத்தும்போது அத்தையோட பழைய டிரங்குப் பெட்டி கிடைச்சுது. உள்ளே இருக்கிறதுல பாதி என்னன்னே புரியலை. நீங்க பார்த்துச் சொல்லுங்களேன்.”

“அது எதுக்கும்மா இப்போ? சாப்பிட்டவங்க கொஞ்சம் சாயட்டும்” என்றார் அத்தை.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டி கூடத்துக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அகராதிக்குக் கை பரபரத்தது.

மருமகள் ஒவ்வொன்றாக எடுக்க, இவள் பெயர் சொன்னாள். மீன் வலை மாதிரி இருந்தது கொண்டை வலை. சாண் நீளக் கம்பி, தொப்பி காற்றில் பறக்காமல் முடியோடு சேர்த்துக் குத்துகிற ஊசி. “பஸ்ஸில எவனாவது இடிச்சா குத்துறதுக்கும் வச்சிருப்பாங்க போல” என்றான் அத்தையின் மகன். மணி கோத்த சிறு பைக்கு ரெட்டிக்யூல் என்று பெயர், நம் சுருக்குப்பையின் சீமைத் தங்கச்சி என்று அவள் சொன்னதும் கூடமே சிரித்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு சபை அவளுக்கு வாய்த்ததே இல்லை.

அடியில் ஒரு திண்டு இருந்தது. பிறை வடிவம், சிவப்பு சாட்டின், ஓரமெல்லாம் ஜிகினா, இரண்டு பக்கமும் நாடா.

“இது தெரியும், அம்மாவோட அம்மா தலைக்கு வச்சுக்கிட்டது” என்றான் மகன். “அவங்க டீச்சர். ராத்திரி நோட்டுத் திருத்தும்போது கழுத்து வலிக்கும்னு வச்சுப்பாங்களாம். இல்லையாம்மா?”

அத்தை தலையை மட்டும் ஆட்டினார்.

அகராதி திண்டைப் புரட்டினாள். உள்பக்கத்து வெள்ளைத் துணியில், மங்கிப்போன மையில், ஒரு நாடகக் கம்பெனியின் முத்திரை. நிமிர்ந்தாள். அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தலையணை இல்லை. இது பஸ்ஸில்” என்றாள்.

“பஸ்ஸிலயா? சீட்டுல போட்டு உக்காரவா?” என்றான் மகன்.

“உக்கார இல்லை, உக்கார்ற இடத்துக்கு மேலே கட்டிக்க! அந்தக் காலத்து வெள்ளைக்காரிங்க இதுக்கு வச்ச பேருதான் பஸ்ஸில். பாவாடைக்கு உள்ளே கட்டினா பின்பக்கம் எடுப்பா தெரியும்.” எழுந்து தன் இடுப்பில் வைத்தே காட்டினாள். தம்பிக்குச் சிரிப்பில் புரையேறியது. “குடும்பப் பெண்கள் கட்டுறது சின்னதா, வெள்ளையா இருக்கும். இது மேடைக்குன்னே தைச்சது. கடைசி வரிசைக்காரனுக்கும் தெரியணுமில்லையா? பாருங்க, கம்பெனி முத்திரைகூட இருக்கு.”

சிரிப்பு நின்றுபோனது. மகன் திண்டை வாங்கி முத்திரையைப் பார்த்தான். பிறகு தாயைப் பார்த்தான். “அப்போ டீச்சர்னு சொன்னது?”

அத்தை தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் அது நிற்கவில்லை.

திரும்பும் வழியில் தம்பி பத்தடி முன்னால் நடந்தான். அவன் மனைவிதான் சொன்னாள்: “உங்களுக்குத் தெரியும்ங்கிறது எங்களுக்குத் தெரியும் அண்ணி. அதை இன்னைக்கே நிரூபிக்கணுமா?”

இரண்டு நாள் கழித்து அத்தையின் மகன் அருங்காட்சியகத்துக்கு வந்தான். பிளாஸ்டிக் பையை மேஜையில் வைத்தான். “நீங்களே வச்சுக்குங்க. வீட்டுல இருந்தா யாராவது கேப்பாங்க.” அவன் முகம் கறுத்திருந்தது.

பிரிவின் பொறுப்பாளர் திண்டைப் பார்த்துக் குதிக்காத குறை. “எங்கேம்மா பிடிச்சே இதை? கண்ணாடிப் பெட்டியில முதல்ல இதைத்தான் வைக்கணும். கை கொடு!” அவர் கையைப் பிடித்துக் குலுக்கியபோது அவளுக்கு உடம்பு கூசியது. திருடிக்கொண்டு வந்ததற்குப் பரிசு வாங்குவதுபோல் இருந்தது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பையோடு அத்தை வீட்டுக்குப் போனாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். வழியெல்லாம் மன்னிப்பு வார்த்தைகளை உருப்போட்டுக்கொண்டே வந்தவள், அத்தையைக் கண்டதும் பையை மட்டும் நீட்டினாள்.

“உக்காரு” என்றார் அத்தை. பையைப் பார்த்தார், தொடவில்லை. “எங்கம்மா நாடகத்துல ஆடினவதான். என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்கன்னு அவர்தான் டீச்சராக்கினார். பிள்ளைங்ககிட்ட என்னைக்காவது சொல்லணும்னு இருந்தேன். என் வாயால சொல்லணும்னு.”

“அத்தை...”

“பெட்டி வேண்டாம்னு சொன்னேனே, உனக்குக் கேக்கலையா?”

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

“கேட்டுது அத்தை. முத்திரையைப் பார்த்ததுமே விஷயமும் புரிஞ்சுபோச்சு. உங்க முகத்தையும் பார்த்தேன். அப்புறமும் சொன்னேன்.”

“ஏன்?”

“எல்லாரும் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. எனக்கு அது பிடிச்சிருந்தது.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அற்பமான காரணம் என்பது அவள் காதிலேயே விழுந்தது. முகம் தீயாக எரிந்தது.

அத்தை எழுந்து போய் ஜன்னல் கதவைத் திறந்துவைத்தார். பிறகு, “பொய் சொல்லாம இருந்தியே, அந்த மட்டும் சரி” என்றார். “மனசு ஆறலை எனக்கு. ஆறுச்சுன்னு சொன்னா அதுவும் ஒரு பொய்தான். பையை வச்சுட்டுப் போ.”

அகராதி வைத்துவிட்டு வந்தாள்.

அந்த வாரமே அத்தை மகனையும் மகளையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாராம். மகன் சில நாள் முறைத்துக்கொண்டு திரிந்தானாம். மருமகள்தான் தினமும் சாயங்காலம் அத்தையிடம் நாடகக் கதை கேட்கிறாளாம். இதெல்லாம் தம்பி மனைவி சொல்லித் தெரிந்தது. அலுவலகத்தில், கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள் என்று சொன்னபோது பொறுப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஒரு போட்டோவாவது எடுத்து வச்சியா?”

“இல்லை சார்.”

பிறகு ஒருநாள் தம்பி வீட்டில் அத்தையைப் பார்த்தாள். “நல்லா இருக்கியா?” என்று எல்லோரையும் கேட்பதுபோல் அவளையும் கேட்டார் அத்தை. குரலில் கோபம் இல்லை. “இருக்கேன் அத்தை” என்று சொல்ல அவளால் முடிந்தது. தலையை நிமிர்த்தத்தான் முடியவில்லை.