பலவீனம்: முதலாளி

சுவக்கினுக்கு இடுப்பில் ஒரு கோளாறும் கிடையாது. ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். ஆனாலும் அக்குறணையில் அவர் வேலை செய்த பசளை, பூச்சிமருந்துக் கடைக்குள் கால் வைத்தால் போதும், கை தானாக இடுப்புக்குப் போய்விடும். முகம் சுருங்கும், 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வேறு வரும். என்ன செய்வது, சனிக்கிழமைகளில் லீவு வேண்டுமே! அம்பிட்டியவில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் வெதமாத்தயா என்று ஒரு நாட்டு வைத்தியர் இருப்பதாகவும், வாராவாரம் அவரிடம் எண்ணெய் போட்டு உருவிக்கொள்ளாவிட்டால் எழுந்து நிற்கவே முடியாதென்றும் முதலாளியிடம் அளந்து வைத்திருந்தார்.

முதலாளி ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் இளகிய மனசுக்காரர். அதை முழுசாக நம்பி, இனிமேல் மூட்டை தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போதாததற்குத் தன் வீட்டிலிருந்து தைலம் வேறு போத்தல் போத்தலாகக் கொண்டுவந்து கொடுத்தார். அதைத் தேய்த்துக்கொள்ள இடுப்பு வலிக்க வேண்டுமே? சுவக்கினின் மனைவி மார்கிரட் அதைக் கதவுக் கீலுக்கெல்லாம் போட்டுவிட்டாள். அந்த வீட்டுக் கதவுகள் இப்போது சத்தமே போடுவதில்லை.

உண்மையில் சனிக்கிழமைகளில் சுவக்கின் போனது பேராதனைப் பக்கத்தில் ஒரு பயிற்சி நிலையத்துக்கு. சேதன விவசாயத்தில் பண்ணை முகாமைத்துவமும் பொருளியலும் என்று அங்கே ஒரு பாடநெறி. யூரியாவும் பூச்சிமருந்தும் விற்றே தலை நரைத்த மனிதர், அது இரண்டும் இல்லாமல் எப்படி லாபம் பார்ப்பது என்று படிக்கப் போனார்! இதை ஹாஜியாரிடம் எந்த வாயால் சொல்வது?

அதுவும் சேதனம் என்ற சொல்லைச் சொன்னாலே ஹாஜியாருக்குக் கண் சிவந்துவிடும். கொரோனா வருஷத்தில் அரசாங்கம் ஒரே ராத்திரியில் யூரியாவை நிறுத்தி, இனி எல்லாம் சேதனம்தான் என்றதே, அப்போது அவர் கடையில் ஈ ஓட்டலாமென்றால் ஈ கூட இல்லை. அன்றிலிருந்து யாராவது சேதனப் பசளை இருக்கிறதா என்று வந்து கேட்டால், "சேதனமில்ல, அது சேதாரம்!" என்று வாசல்வரை விரட்டிக்கொண்டு வருவார்.

ஆனால் சுவக்கினுக்கு மார்கிரட்டின் கீரைப் பாத்தி கண்ணுக்குள்ளேயே நின்றது. மருந்தடிக்காத கீரை என்று ஹோட்டல்காரர்கள் வீடு தேடி வந்து, சொன்ன விலையைக் கொடுத்து வாங்கிப் போனார்கள். வீட்டுக்குப் பின்னால் சரிவில் சும்மா கிடந்த நிலத்தில், குப்பைகூளத்தை மக்கவைத்து விற்க ஒரு கூட்டெருக் களம் போட்டால் என்ன? எத்தனை காலத்துக்குத்தான் அடுத்தவன் கவுன்டரில் நிற்பது? கிராமிய வங்கியில் கேட்டதற்கு, பாடநெறிச் சான்றிதழைக் கொண்டுவந்தால் கடன் தரலாம் என்றார்கள். அந்த ஒரு தாளுக்காகத்தான் இத்தனை 'ஸ்ஸ்'.

கடைசியாக வந்தது வாய்மொழிப் பரீட்சை. ஒரு வியாபார நிலையத்தை எடுத்து ஆராய்ந்து, திரையில் போட்டுக் காட்ட வேண்டும். மூன்று பேர் கொண்ட குழு கேள்வி கேட்கும். மூன்று பேரும் கையெழுத்து வைத்தால்தான் பாஸ். ஒருவர் மறுத்தாலும் சான்றிதழ் கிடையாது.

சுவக்கினுக்குத் தெரிந்த வியாபார நிலையம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் எழுதினார். ஆனால் மனிதர் விவரமானவர், கடையின் பெயரை மாற்றி 'அ கடை' என்று போட்டார். அக்குறணைக்குத்தான் 'அ' என்று யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

எழுத எழுதக் கைக்கு வேகம் வந்துவிட்டது. வருஷக்கணக்காக வாய்க்குள் அடக்கி வைத்ததெல்லாம் பலம், பலவீனம், சந்தர்ப்பம், அச்சுறுத்தல் என்று கட்டம் கட்டமாக இறங்கியது. மார்கிரட் வாசித்துப் பார்த்துவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஏங்க, இது அந்த மனுசன் கண்ணுல பட்டா?"

"அவரு எதுக்கு அங்க வாராரு? சேதனம்னு போர்டு இருந்தா அந்த ரோட்டாலயே போக மாட்டாரு."

வந்தாரே!

சுவக்கின் வெள்ளைச் சட்டையும் டையுமாக மண்டபத்துக்குள் நுழைந்தபோது, குழுவின் மூன்றாவது கதிரையில் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். சட்டையில் 'வளவாளர்' என்று ஓர் அட்டை குத்தியிருந்தது. வர்த்தகர் சங்கத்திலிருந்து வழக்கமாக வருபவர் மக்காவுக்கு உம்ரா போய்விட்டாராம். வெளியிலிருந்து வந்து அறிவு சொல்லும் வளவாளர் என்று அழைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? என்ன பாடம் என்று கேட்காமலே வந்துவிட்டார்.

பழக்க தோஷத்தில் சுவக்கினின் கை இடுப்புக்குப் போயிற்று. "ஸ்ஸ்" என்றார்.

ஹாஜியார் அவரைப் பார்த்தார், சுவரிலிருந்த 'சேதன விவசாயம்' பதாகையைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். முன்னாலிருந்த தாளை நேராக்கி வைத்தார். அவர் கத்தியிருந்தால்கூடச் சுவக்கினுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"துவங்குங்கோ, சுவக்கின்," என்றார் விரிவுரையாளர் திவாகரன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், பிள்ளை மனசு, நடப்பது ஒன்றும் தெரியாது. "ஹாஜியார், இவர்தான் எங்கட கெட்டிக்காரன். இவரின்ட அறிக்கையைக் கேட்டுப்பாருங்கோ, கடை அப்பிடியே கண்ணுக்கு முன்னால வந்து நிக்கும்."

சுவக்கின் ஆரம்பித்தார். பலவீனம் என்ற பக்கம் வந்ததும் பொத்தானை இரண்டு தரம் அமுக்கித் தாண்டிப் போகப் பார்த்தார்.

"பின்னுக்குப் போங்க," என்றார் ஹாஜியார். "அந்தப் பக்கத்த வடிவாப் பாக்கணும்."

திரையில் கொட்டை எழுத்தில் வந்து நின்றது: பலவீனம்: முதலாளி. புதிய சரக்கைத் தொட மாட்டார். கல்குலேட்டரை வைத்துக்கொண்டே விரலில் எண்ணுவார். கடையிலுள்ள ஒரே மின்விசிறி அவர் தலைக்கு மேல் மட்டும் சுற்றும்.

பின்வரிசைப் பெண் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். சுவக்கினுக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"இந்த முதலாளி மோசமான ஆளா?" ஹாஜியாரின் குரலில் ஒரு சலனமும் இல்லை.

"ஐயோ, இல்லீங்க ஹாஜியார். தங்கமான மனுசன். வியாபாரத்துல மட்டுந்தான் கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"பிடிவாதம்."

"ம். அடுத்தது."

அடுத்தது, அச்சுறுத்தல்: முதலாளியின் மருமகன். ஹாஜியார் அதை ஓர் எழுத்து விடாமல் வாசித்தார். "இது சரி," என்று தாளில் எதையோ குறித்துக்கொண்டார்.

"பலம் எண்டு ஒண்டே ஒண்டுதான் எழுதியிருக்கீங்க," என்றார் பிறகு. "அனுபவமுள்ள விற்பனையாளர். அந்த ஆள் என்ன செய்யப் போறாராம்?"

சுவக்கின் தலையைக் குனிந்துகொண்டார். இனி மறைத்து என்ன பிரயோசனம்? "இந்தப் பரீட்சையில பாஸானா அவருக்கு பேங்க்ல கடன் கெடைக்கும் ஹாஜியார். சொந்தமா கூட்டெருக் களம் போடப் போறாரு. பாஸாகலன்னா கடையிலயே இருப்பாரு. முதலாளி வெச்சிக்கிட்டா."

ஹாஜியார் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"திவாகரன் சேர், நீங்க காலைல ஒண்டு சென்னீங்களே, ஒண்ட எடுக்கிறதுக்காக மத்தத விட்டுக்குடுக்கிறது. அதுக்கு என்ன பேர்?"

"அமையச் செலவு," என்றார் திவாகரன் சேர் குஷியாக. "எதைத் தெரிவு செய்தாலும் அதுக்காகக் கைவிடுற ஒண்டு இருக்கும். அதுதான் உண்மையான செலவு. நல்ல கேள்வி ஹாஜியார், கேளுங்கோ."

"அப்ப செல்லுங்க, சுவக்கின். இந்தப் பரீட்சைத் தாள் அந்த முதலாளிட கையில ஈக்கிது எண்டு வையுங்க. பாஸ் போட்டா அவருக்கு அமையச் செலவு எவ்வளவு?"

சுவக்கின் டையின் நுனியைப் பிடித்து முறுக்கினார். அந்தக் கவுன்டரில் நின்ற இத்தனை வருஷமும், மார்கிரட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று ஹாஜியார் கடையைப் பூட்டிவிட்டு அவரோடு வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்ததும் எல்லாம் நெஞ்சில் முட்டிக்கொண்டு வந்தன. கண் கலங்கிவிட்டது.

"லேசான கேள்விதானே சுவக்கின்! யோசியுங்கோ, ஏன் பதட்டப்படுறியள்?" என்று தவித்தார் திவாகரன் சேர்.

"பதில் தேவல்ல," என்றார் ஹாஜியார். "எனக்குத் தெரியும்." குனிந்து கையெழுத்து வைத்தார். பேனா தாளில் அழுந்தும் சத்தம் முன்வரிசைவரை கேட்டது.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது ஹாஜியார் விறாந்தையில் நின்று பால்விடாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். சுவக்கின் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"மன்னிச்சிருங்க ஹாஜியார். இடுப்புன்னு பொய் சொல்லிட்டேன்."

"உண்மையச் சென்னா லீவு தந்திருப்பனா?"

"தந்திருக்க மாட்டீங்க."

"அப்ப சரிதானே. அந்த ஃபேன் கதையை மட்டும் எழுதியிருக்கத் தேவல்ல. புள்ளைகள் எல்லாம் சிரிக்கிது." ஹாஜியார் கோப்பையைக் கீழே வைத்தார். "திங்கக்கெழம வெள்ளன வாங்க. பேங்க் காசு கெடைக்க முந்தி ஒரு ஆளப் பழக்கித் தரணும்."

சுவக்கினுக்குச் சுருக்கென்றது. கையெழுத்தின் மை காயவில்லை, அதற்குள் தன் இடத்துக்கு ஆள் பார்த்தாயிற்றா?

"யாருங்க? மருமகனா?"

"அவனா! அவன் வந்தா ரெண்டு மாசத்துல கடையே ஈக்காது." ஹாஜியார் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நான்தான். எந்தப் போத்தல் எந்தத் தட்டுல ஈக்கிது எண்டு எனக்கு ஒண்டும் தெரியாதே, சுவக்கின். இவ்வளவு காலமும் உங்களத்தானே கேட்டேன்."