பிள்ளை நெற்றிச் சூடு

ஜிபார் கேனைப் போர்த்தியிருந்த ஆட்டுத்தோல் கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்துத் தொட்டாள். மறு கையை அடுப்போரம் படுத்திருந்த மகன் சிமிக்கின் நெற்றியில் வைத்தாள். கேன்தான் இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. எழுந்துபோய் அடுப்பில் இரண்டு கரித்துண்டுகளைப் போட்டாள். காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை.

கேனுக்குள் நாளைய விருந்துக்கு முப்பது லிட்டர் போஜோ, தினையில் புளிக்கவைக்கும் கள். தினைமாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து, முளைகட்டிய கோதுமைப் பொடியும் பழைய போஜோவின் அடிவண்டலும் கலந்து இரண்டு நாளாகிறது. குளிர்ந்தால் அப்படியே உறங்கிவிடும், மாவுத் தண்ணீர்தான் மிஞ்சும். சூடு ஏறினால் வெறி பிடித்தாற்போல் பொங்கிப் புளித்துவிடும், ஒரு வாய்க்கு மேல் யாரும் தொடமாட்டார்கள். எவ்வளவு சூடு என்பதற்கு அத்பாஷி ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே அளவுதான், பிள்ளையின் நெற்றி. ஆனால் விடிந்ததும் ஓடைப் பனியைக் கோடரியால் உடைத்து ஆறு வாளி தண்ணீர் சுமந்ததில் அவள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. தொட்டதெல்லாம் நெருப்பாகச் சுட்டது. எது எவ்வளவு சூடு என்று சொல்ல முடியவில்லை. இரண்டில் எது கூட, எது குறைவு என்று மட்டும் தெரிந்தது.

அவள் கணவன் தாலாய் இறந்து நாளையோடு ஒரு வருஷம். நினைவு விருந்து முடிந்ததும் அவன் வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். அவள் இந்த வீட்டில் இருக்கட்டுமா, பிறந்த வீட்டுக்குப் போகட்டுமா என்று. போனால் தனியாகத்தான் போகவேண்டும். நான்கு வயது சிமிக் அப்பன் வம்சத்துப் பிள்ளை. இதை யாரும் அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. தாலாயின் பெரியப்பா மாம்பெத் போன மாதம் வந்தபோது, அணைந்துகிடந்த அடுப்பைப் பார்த்து, "வீடு குளுந்து கெடக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. வீடு நடத்தத் தெரிந்தவள் என்று காட்ட அவளிடம் இருந்தது இந்தக் கேன் ஒன்றுதான்.

"கேனப் பொண்ணு பாக்க வர்றாங்களாடி? இவ்வளவு போர்த்தி வச்சிருக்க!" மாவு பிசைந்துகொண்டிருந்த கனிஷாய் சிரித்தாள். தாலாயின் அக்கா அவள், விருந்து வேலைக்கு உதவ முந்தின நாளே வந்திருந்தாள்.

"சூடு பத்தல அக்கா."

"உன் பையனப் பாரு, எவ்வளவு சமத்தா படுத்திருக்கான். எம்புள்ளைங்களா இருந்தா இந்நேரம் கேனக் குதிரையாக்கி ஓட்டியிருக்கும்."

ஜிபாரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவன் ஓடவில்லை, ரொட்டி கேட்கவில்லை, பாவாடையைப் பிடித்து இழுக்கவில்லை. இன்றைக்கு ஒருநாளாவது குறும்பில்லாமல் வைத்தாயே என்று கடவுளுக்கு நன்றிகூடச் சொல்லியிருந்தாள். கரி போட்டாள், இன்னொரு கம்பளி போர்த்தினாள். மறுபடி தொட்டபோது இரண்டு சூடும் ஒன்றாகியிருந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கேனின் மூடி தடதடத்தது. நுரை கம்பளியை நனைத்துக்கொண்டு தரையில் வழிந்தது. புளிப்பு வாடை மூக்கில் ஏறியது.

"அடிப்பாவி, எரிச்சிட்டியே!" கனிஷாய் மாவுக் கையோடு ஓடிவந்து கேனைத் தொட்டாள். "கொதிக்குதுடி! எதை வச்சுடி பாத்த?"

"பிள்ளை நெத்தி சூடுதான் அக்கா. இப்பத்தான் பாத்தேன். சத்தியமா ஒண்ணாத்தான் இருந்துச்சு."

"பிள்ளை நெத்தியா இது? இந்தா, என் நெத்தியத் தொட்டுப் பாரு."

ஜிபார் தொட்டாள். சிமிக்கின் நெற்றியோடு பார்க்க அது ஓடைக் கல்லாய்க் குளிர்ந்திருந்தது.

இரண்டுபேரும் ஒன்றாக அடுப்போரம் திரும்பினார்கள். சிமிக்கின் உதடுகள் வெடித்திருந்தன. கண்கள் பாதி திறந்திருந்தன, ஆனால் அவை அவளைப் பார்க்கவில்லை.

"கதவத் தொற... கேன வெளிய தள்ளு, பனியில வச்சா கொஞ்சமாவது..." என்று தொடங்கிய கனிஷாய் பாதியில் நிறுத்திக்கொண்டு வாயை மாவுக்கையால் பொத்தினாள்.

ஜிபார் கேன்மேலிருந்த கோட்டை உருவினாள். கம்பளி சரிந்தது, மூடி உருண்டது, நுரை நாளைய விருந்துக்கு விரித்திருந்த சமுக்காளத்தை நோக்கி ஓடியது. பிள்ளையைக் கோட்டில் சுருட்டி எடுத்துக்கொண்டு, காலில் நுரை வழுக்க, வெளியே ஓடினாள். ஆஸ்பத்திரி பன்னிரண்டு கிலோமீட்டர். நடந்தாவது போய்விடுவது என்றுதான் ஓடினாள்.

வாசலில் மாம்பெத்தின் ஜீப் வந்து நின்றது. அவர் முன்னால் அவள் இதுவரை தலை நிமிர்ந்ததில்லை, கேட்டதற்குத் தலையசைப்பதோடு சரி. பின்கதவைத் திறந்து ஏறினாள். இருக்கையில் விருந்துக்கான செம்மறி ஒன்று கால் கட்டப்பட்டுக் கிடந்தது. அதை முழங்காலால் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது? எங்க போற?"

"வண்டியத் திருப்புங்க."

"என்னது?"

"பிள்ளை காலையிலிருந்து கொதிக்குது. பக்கத்துலயே இருந்தும் எனக்குத் தெரியல. நாளைக்கு என்ன வேணா பேசிக்குங்க மாமா. இப்ப வண்டியத் திருப்புங்க."

அவர் இஞ்சினை அணைக்கவில்லை. கண்ணாடியில் அவளையும், நனைந்த பாவாடையையும், திறந்துகிடந்த வீட்டு வாசலில் ஆவியோடு வெளியேறும் வெப்பத்தையும் பார்த்தார். வலது கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றி, பிள்ளையின் நெற்றிக்குக் கையை நீட்டினார். செம்மறி கழுத்தை நீட்டி, அவள் சட்டைக் கையில் ஒட்டியிருந்த நுரையை மெதுவாக நக்கத் தொடங்கியது.