கடைசிக்கு வைத்த குவியல்

1996 மார்ச் மாதம் தினமும் காலை ஏழு மணிக்கு அம்புஜம் ஒரு மலைக்குப் போன் செய்தாள். ஆள் யாரும் எடுக்கமாட்டார்கள். பதிவு செய்த குரல் ஒன்று பிரெஞ்சில் இன்று எத்தனை சறுக்குப் பாதை திறந்திருக்கிறது, எத்தனை சென்டிமீட்டர் பனி கிடக்கிறது என்று ஒப்பித்துவிட்டு வணக்கம் சொல்லி வைத்துவிடும். அந்த எண்ணை அம்புஜம் சமையலறை நாட்காட்டியில் குறித்துக்கொள்வாள். எண் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனது.

அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. கனடாவில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் ஒரே அடுக்ககத்தில் இருபத்து நான்கு குளிர்காலத்தைத் தள்ளியிருந்தாள். பனியை வாரியிருக்கிறாள், பனியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டிருக்கிறாள், பனியைத் திட்டியிருக்கிறாள். பனியால் சந்தோஷப்பட்டதே இல்லை. போன வருஷம் திடீரென்று ஒரு வேகம் வந்து, பனியில் சறுக்கும் பழைய ஸ்கீப் பலகை ஒரு ஜோடி வாங்கி, வடக்கே ஒரு மணி நேர தூரத்தில் இருந்த சின்ன மலையில் ஐந்து நாள் பாடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். நான்கு நாள் அடிவாரச் சரிவில் பழக்கம், ஐந்தாம் நாள் உச்சியிலிருந்து. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டவுன்டவுன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் நடத்தும் கணவர் மணிவாசகம், "இந்த வயசுல எலும்பு முறிஞ்சா சேராது" என்று ஒரே வாக்கியத்தில் பேச்சை முடித்துவிட்டார்.

சிரிக்காதவர் மாமனார் ஒருவர்தான். கும்பகோணத்திலிருந்து நீல ஏர்மெயில் தாளில் எழுதியிருந்தார்: "சறுக்குவது சரி அம்மா. எப்படி நிற்பாய்? அதை எழுது." நான்கு நாள் முடிந்திருந்தது; ஐந்தாம் நாள் பாடத்தையும் முடித்துவிட்டு எழுதலாம் என்று அம்புஜம் வைத்திருந்தாள். அதற்குள் அந்த வருஷ மார்ச் இருபதாம் தேதி அவர் போய்விட்டார்.

குடும்பத்தில் சாவு விழுந்தால் ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது. திருத்தணி, பழனி எல்லாம் கிடையாது. கனடா மலைக்கும் அது பொருந்துமா என்ற கேள்வி வீட்டில் வந்தது.

"நான் எங்கங்க ஏறப்போறேன்? கம்பியில ஓடற லிஃப்ட் ஏத்துது. நான் இறங்கத்தானே செய்யறேன்" என்றாள் அம்புஜம்.

"மலைன்னா மலைதான்" என்றார் மணிவாசகம். காரியம் செய்ய வேண்டிய மூத்த மகன் அவர்தான்.

அவள் வாதாடவில்லை. அந்த மனுஷருக்காக ஒரு வருஷம் பொறுப்பது பெரிய காரியமாக அவளுக்குப் படவில்லை. அடுத்த மார்ச் இருபதோடு சரி என்று நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்தாள். அங்கேதான் கோட்டை விட்டாள். திவசத்துக்குத் தேதி கணக்கில்லை, திதிதான் கணக்கு என்பது பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி. பனி ஆசையில் அது மறந்துபோயிருந்தது. இந்த வருஷம் பிப்ரவரி கடைசியில் வாத்தியார் பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னார்: அவர் போனது பங்குனித் தேய்பிறைச் சதுர்த்தி, மார்ச்சில் வரும் சதுர்த்தி இன்னும் மாசியிலேயே விழுகிறது, ஆகவே தலைத்திவசம் ஏப்ரல் ஏழு, ஞாயிற்றுக்கிழமை.

ஏப்ரல் இருபதாம் தேதி அவர்கள் ஒரேயடியாகச் சென்னைக்குப் புறப்படுகிறார்கள். சென்னையில் எல்லாம் கிடைக்கும், பனிமலை கிடைக்காது. ஏப்ரல் ஏழுவரை அந்த மலையில் பனி நிற்குமா? அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

மார்ச் மூன்றாம் வாரம் அவளே காரை எடுத்துக்கொண்டு போனாள். அடிவாரத்தோடு நின்றால் மலை ஏறியதாகாது. சுற்றிலும் காடு கருத்துக் கிடந்தது, கூரைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஆனால் சறுக்குப் பாதை மட்டும் வெள்ளையாக, தடித்து, மேலே போனது. பாதிச் சரிவில், ஒரு வளைவுக்குச் சற்று மேலே, இரண்டு மாடி உயரத்துக்குப் பனிக் குவியல் ஒன்று சும்மா நின்றது.

லிஃப்டுக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றவரின் முகம் நம்ம முகமாக இருந்தது. யாழ்ப்பாணத்துத் தியாகலிங்கம், ரொக்ஸ்பரோவில் குடும்பம், ஐந்து வருஷமாக இங்கே பனி செய்கிற வேலை.

"பனியைச் செய்யறீங்களா?"

"ஓம் அக்கா. ஜனவரியிலை கடுங்குளிர் வரேக்கை தண்ணியையும் காத்தையும் சேர்த்துக் குழாயாலை அடிப்பம். விழேக்கை பனியாய் விழும். சனம் நினைக்குது அது ஜனவரிக்கு எண்டு. இல்லை, அது ஏப்ரலுக்கு."

"ஏப்ரல் வரைக்கும் எப்படி நிக்கும்?"

"வானத்தாலை வாறது பூ மாதிரி, பொசுக்கெண்டு போயிடும். எங்கடை பனி சீனி மாதிரி, நெருக்கமாய் இருக்கும். பிறகு, அதைப் பரப்புறேல்லை. குவிச்சு வைக்கிறது. குவிச்சால் வெய்யில் மேற்தோலைத்தான் தின்னும், உள்ளுக்கை போகாது. பாதை மெலிய மெலிய ஓரத்துப் பனியை மெசினாலை நடுவுக்குத் தள்ளுவம். பாதை ஒடுங்கும், ஆனால் அறாது."

அம்புஜத்துக்குப் புரிந்துவிட்டது. தோசைக்கல்லில் வெண்ணெயைத் தடவினால் நொடியில் உருகும், உருண்டையாகப் போட்டால் நின்று உருகும். இருபத்து நான்கு வருஷம் இந்த ஊரில் இருந்துவிட்டு இதைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்ப இருந்தோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"வெயில்தான் எதிரியா?"

"வெய்யிலைச் சமாளிக்கலாம் அக்கா. மழையும் சூட்டுக் காத்தும் மூடுபனியும்தான் சனியன்."

"அந்தக் குவியல் எதுக்கு?"

"அந்த வளைவு தெற்கைப் பார்த்தது. முதல்லை அறுறது அதுதான். அதாலை மேலை இருக்கிற குவியலைத் தொடாமல் வைச்சிருக்கிறம். அது கடைசிக்கு."

திவசத்தையும் பயணத்தையும் அவள் சொன்னாள். தியாகலிங்கம் சிரிக்கவில்லை. போன் நம்பரை வாங்கிக்கொண்டு, "ஏழாந்தேதிக்குப் பனி கிடக்கும்" என்று சத்தியம் செய்கிற மாதிரிச் சொன்னார்.

பனி கிடந்தது. ஆனால் ஏப்ரல் மூன்றாம் தேதி அவரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, ஏழாந்தேதி ஈஸ்டர் ஞாயிறோடை மலையைப் பூட்டப் போகினம்."

"பனி தீந்துடுச்சா?"

"பனி முடியேல்லை. ஆக்கள் முடிஞ்சிட்டினம். டவுணிலை கொஞ்சம் வெய்யில் கண்ட உடனை சைக்கிளை எடுத்திட்டினம். வெறும் லிஃப்டை எத்தினை நாளைக்கு ஓட்டிறது?"

அம்புஜம் ரிசீவரை வைத்தாள். பனி ஏமாற்றும் என்று பயந்திருந்தாள். மனுஷர்கள் ஏமாற்றுவார்கள் என்று கணக்குப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வாழைக்காய் நறுக்கினாள், எள் எடுத்து வைத்தாள், வந்தவர்களுக்குப் பரிமாறினாள். கடைசி ஆள் கிளம்பும்போது மணி நாலு. லிஃப்ட் நிற்கிற நேரம். பாத்திரம் கழுவும் சாக்கில் குழாயைத் திறந்து விட்டு நன்றாக அழுதாள்.

மணிவாசகம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் பழைய கடிதங்களை, அம்புஜத்துக்கு எழுதியதையும் சேர்த்து, அன்று காலைதான் எடுத்துப் படித்திருந்தார். போனை எடுத்துத் தியாகலிங்கத்தைக் கூப்பிட்டு, வகுப்பில் கேட்பது மாதிரிக் கேட்டார்: "நாளைக்கு அங்க யாராவது இருப்பீங்களா?"

"நான் நிப்பன் அண்ணை. முதலாளியிட்டைக் கேட்டு வைக்கிறன். ஆனால் லிஃப்ட் ஓடாது. மெசினிலையும் ஆக்களை ஏத்தேலாது."

"ஏறிக்கறோம்" என்றார் மணிவாசகம்.

திங்கட்கிழமை காலை அவர்கள் நடந்தே ஏறினார்கள். ஸ்கீ இரண்டும் மணிவாசகத்தின் தோளில்.

"ஏறவே கூடாதுன்னீங்க" என்றாள் அம்புஜம் மூச்சு வாங்க.

"அது நேத்தோட போச்சு. பேசாம ஏறு."

வளைவுக்கு வந்ததும் அவளுக்குக் கால் நின்றுவிட்டது. பாதை அங்கே அறுந்திருந்தது. பத்தடிக்குச் சேறும் பழம்புல்லும். மேலே குவியல், பாதி கரைந்து, அழுக்கேறி, ஆனாலும் நின்றது. அதன் பக்கத்தில் மெசின் உறுமியது. தியாகலிங்கம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இதை எப்படியும் உடைக்கோணும் அக்கா, புல்லு முளைக்கிறதுக்கு. எந்தப் பக்கம் தள்ளினால் என்ன?"

குவியல் சரிந்தது. அழுக்குத் தோலுக்குள்ளே ஜனவரிப் பனி பளீரென்று வெள்ளையாக இருந்தது. மெசின் அதைச் சேற்றின்மேல் இழுத்துப் பரப்பி, இரண்டு முறை மேலே போய் வந்து அழுத்தியது. பாதை ஒட்டிக்கொண்டது.

உச்சியில் அவள் காலில் ஸ்கீயை மாட்டிவிட்டு மணிவாசகம் முன்னால் நடந்து இறங்கிப் போய் அடிவாரத்தில் நின்றார். அம்புஜம் தனியாக நின்றாள். பயமாக இருந்தது, ஆனாலும் திரும்பிப் போகிற எண்ணம் இல்லை. ஒரு தள்ளு. காற்று காதை அடைத்தது. முதல் திருப்பத்தில் விழுந்தாள், எழுந்தாள். வளைவு வந்தது. சீனிப் பனி காலுக்கடியில் நறநறவென்று அரைபட்டு அவளைத் தாண்ட விட்டது. அதற்குப் பிறகு அவள் சத்தமாகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

பனி முடிந்து புல் தொடங்குகிற கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றாள். விழாமல் நின்றாள்.

மணிவாசகம் ஓடி வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எப்படி நின்னே?" என்று கேட்டார்.

அம்புஜம் அவரையே பார்த்தாள். ஒரு வருஷம் பதில் எழுதாமல் வைத்திருந்த கேள்வி. குனிந்து, ஸ்கீ முனைகள் இரண்டையும் சேர்த்துக் குதிகால்களை அகட்டிக் காட்டினாள்.

"இப்படி" என்றாள்.