துண்டுக்குள் ஒரு கை

என் மூத்த மகளின் விலை ஐந்து சவரன். நான் வைத்த விலை அல்ல. நான் வைத்திருந்தால் கொஞ்சம் ஏற்றிச் சொல்லிவிட்டு, பிறகு இறங்கியிருப்பேன். வைத்தவர் குண்டலுபேட்டை தொட்டையன். அவருடைய மகனுக்கு என் இளையவள் மாதேவியைக் கொடுப்பதாகப் பேச்சு. நகை பத்து சவரன் என்று முடிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் யாரோ மூத்தவள் சித்தம்மாவைப் பற்றி அவர் காதில் போட்டிருக்கிறார்கள். முகூர்த்தத்துக்கு முன் அவளை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டால் அதே பத்து. அவள் வீட்டிலேயே இருந்தால் பதினைந்து. கழித்தல் தெரிந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

என் தொழில் பட்டுக்கூட்டுத் தரகு. ஹனூரிலிருந்து என் அப்பா மைசூருக்கு வந்து சந்தேபேட்டையில் பிடித்த கடை. முன்பக்கம் கடை, ஒரு திரை, பின்பக்கம் வீடு. திரைக்கு அந்தப் பக்கம் என் மனைவி மாரக்காள் தாளிப்பது கடையில் மணக்கும். கடையில் நாங்கள் சொல்லும் பொய் அடுக்களையில் கேட்கும்.

சித்தம்மா பிறந்து எட்டு மாதம் தலை நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். டாக்டர் அவள் கண்ணைப் பார்த்தார், உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். உள்ளங்கையில் ஒரே ரேகை, குறுக்கே, கூறு போட்ட மாதிரி. இங்கிலீஷில் ஏதோ எழுதிவிட்டு, "மங்கோலியன்" என்றார்.

"நாங்க ஹனூருங்க. நீங்க சொல்ற ஊரு எந்தத் தாலூக்கா?" என்று கேட்டேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. இதற்கு மருந்து இல்லை, நாளாக நாளாகவும் பெரிதாக ஒன்றும் கற்றுக்கொள்ளமாட்டாள், நெஞ்சும் பலவீனம், பத்து வயதைத் தாண்டினால் அதிகம் என்றார். ஜட்கா பிடித்து வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் மாரக்காள் அழுதாள். நான் ஜட்காக்காரனிடம் ஓரணா குறைத்துப் பேசிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகும் தோன்றவில்லை. உட்கார்ந்தே இருந்தால் கால் மரத்துப்போகுமே, அதுபோல ஏதோ ஒன்று உள்ளே மரத்துப்போனது. நடக்க முடிந்தது, அதனால் நடந்துகொண்டிருந்தேன்.

அவள் பத்தைத் தாண்டினாள். பள்ளிக்கூடத்தில் போட்டோம், பதினைந்தாம் நாள் வாத்தியார் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து கடையில் என் பக்கத்தில், கூட்டு மூட்டைமேல், அவள் இடம்.

எங்கள் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்லமாட்டோம். இரண்டு பேரும் கையைக் கோத்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வோம். உள்ளே பிடிக்கும் விரல் எத்தனையோ அதுதான் விலை. ஐந்தைத் தாண்டினால் மிச்சத்தை இரண்டாவது பிடியில் பிடிப்போம். சம்மதமில்லை என்றால் கை சும்மா கிடக்கும். சம்மதம் என்றால், வந்த எண்ணையே திருப்பிப் பிடித்து ஓர் அமுக்கு. அமுக்கினால் முடிந்தது. அமுக்கிய பிறகு பேச்சு மாறினவனோடு குண்டலுபேட்டையிலிருந்து கொள்ளேகாலம் வரை எந்தச் சந்தையிலும் எவனும் கை கோக்கமாட்டான். இன்னொரு மரியாதையும் உண்டு. கை உள்ளே இருக்கும்போது எதிராளி முகத்தையும் பார்க்கக் கூடாது, துண்டையும் பார்க்கக் கூடாது. உத்தரத்தைப் பார்க்கலாம். தெருவில் போகிற மாட்டைப் பார்க்கலாம்.

துண்டுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் சித்தம்மாவின் கவலை. ஏதோ தின்பண்டம் என்று நினைத்திருப்பாள். ஈ ஓட்டும் ஒரு மத்தியானத்தில் அவள் கைமேல் துண்டைப் போட்டு ஒரு விரலைப் பிடித்தேன். பதிலுக்கு என் விரலில் ஒன்றைப் பிடித்தாள். அமுக்கினாள். அமுக்கச் சொல்லி யாரும் சொல்லித்தரவில்லை, எப்போது பார்த்தாளோ.

ஒண்ணு என்று நான் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும், மாரக்காள் திரையை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "ஏனுங்க, ஒண்ணு சொல்லிட்டாளா? என்ற மக ஒண்ணு சொல்லிட்டாளா?" அன்றைக்கே பருப்பு வேகவைத்து, வெல்லம் போட்டுப் பூரணம் வைத்து ஒப்பட்டு சுட்டு, தெரு முழுக்கக் கொடுத்தாள்.

இரண்டுக்கு மூன்று மாதம். மூன்றுக்கு அதே அளவு. நான்குதான் தகராறு. மூன்று விரலுக்கு அப்புறம் என்ன பிடித்தாலும் கையை முழுசாகப் பிடித்துக்கொள்வாள். நான்கைத் தாண்ட ஏழு மாதம் ஆனது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒப்பட்டு. பத்துக்கு வருவதற்குள் நாலு வருஷம், பத்து ஒப்பட்டு. பக்கத்து வீட்டு பசம்மா வாய் நிறைய வைத்துக்கொண்டே, "நம்ம பையன் மெட்ரிக் பாஸானப்பகூட நான் இத்தன வெல்லம் கரைக்கல. நூறு வரைக்கும் படிக்க வைய்யி மாரக்கா, தெருவே கொழுத்துப்போகட்டும்" என்றாள். மாரக்காள் கோபித்துக்கொள்ளவில்லை. "நூறாகட்டும், உன்ற பையன் கல்யாணத்துக்கு நீ சமைக்கவே வேண்டாம்" என்றாள். சித்தம்மா நடுவில் உட்கார்ந்து, எல்லாருக்கும் கையை நீட்டி விரலைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஓர் ஒப்பட்டு வந்தது. தின்றேன்.

தொழிலுக்கு அது உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலது கையில் துண்டுக்குள் பிடித்ததை இடது கையால் ஊருக்கே தூக்கிக் காட்டிவிடுவாள். தரகனுக்கு அதைவிடப் பெரிய குறை கிடையாது.

அப்புறம் ஜப்பான் பட்டு வந்தது. கூட்டு விலை பாதியாகி, அந்தப் பாதியும் பாதியானது. மார்டள்ளிப் பக்கம் பட்டுப்புழுவுக்கு வளர்த்த முசுக்கொட்டையைப் பிடுங்கிவிட்டு ராகி போட்டார்கள். அந்த வருஷம் பார்த்துத்தான் மாதேவிக்கு வரன் வந்தது. கடையில் இருந்த சரக்கையெல்லாம் விற்றால் பத்து சவரன் தேறும். பதினைந்து தேறாது. பெங்களூர்ப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் காசு வாங்காமல் வைத்துக்கொள்ளும் ஒரு விடுதி இருப்பதாகத் தொட்டையனே விசாரித்து வைத்திருந்தார். மாரக்காளிடம், "மூணு மாசம், வைத்தியத்துக்கு" என்றேன். அவள் சித்தம்மாவின் பாவாடைகளை எடுத்து மடித்து வைத்தாள். எத்தனை மடித்தாள் என்று நான் பார்க்கவில்லை.

முடிவு கேட்கத் தொட்டையன் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தார். சாட்சிக்கு எங்கள் இரண்டு பேருக்கும் வேண்டிய கெம்பையன். ஊர்ச் சேதியைச் சந்தை சந்தையாகக் கொண்டுபோகும் பட்டுக்கூட்டு வியாபாரி. மோர் குடித்தார்கள். தொட்டையன் திரையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"பொம்பளைங்க காதுல விழ வேண்டாம் சென்னப்பா. துண்டு போடு. பெரியவ போறதுன்னா கைய மூடிக்க. இல்லன்னா பத்துக்கு மேல எத்தன சவரன்னு நான் சொல்றேன்."

"கல்யாணத்துக்குத் துண்டு போட்டு இப்பத்தான் பாக்கறேன்" என்றார் கெம்பையன்.

"சும்மா இரு சாமி. மாட்டுக்குப் போடலாம், கூட்டுக்குப் போடலாம், இதுக்கு ஆகாதா?"

துண்டு போட்டோம். தொட்டையன் உத்தரத்தைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். மாடு ஒன்றும் போகவில்லை. கையை மூட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ராத்திரியே முடிவு செய்தது. ஆனால் விரல்கள் மூடவில்லை. பாசத்தால் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. கை என்னுடையது மாதிரியே இல்லை. துண்டுக்குள் யாரோ மறந்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது.

அவர் ஐந்து விரலையும் பிடித்தார். என் கை கிடந்தது.

தொட்டையன் முப்பது வருஷமாகச் சந்தையில் இருப்பவர். கிடக்கும் கைக்கு அவருக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். நான் பேரம் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். நான்கு பிடித்தார்.

உள்ளங்கை வேர்த்தது. துடைத்துக்கொள்ளக் கையை வெளியே எடுத்தேன். கையை எடுத்த இடத்தில் இன்னொரு கை போனது. மூட்டைமேல் இருந்த சித்தம்மா குனிந்து உள்ளே விட்டுவிட்டாள். எனக்குக் குட்டைக் கை, குட்டை விரல். அவளுக்கும் அதே கைதான். பதினேழு வயதில் பருமனும் வந்திருந்தது. நான் பார்த்தேன். கெம்பையனும் பார்த்தார். தொட்டையன் மட்டும் மரியாதை தவறாமல் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிறுத்து" என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. என் கை முழங்கால்மேல் கிடந்தது.

அவர் மூன்று பிடித்திருக்கிறார்.

சித்தம்மா மூன்றைத் திருப்பிப் பிடித்தாள். அமுக்கினாள். அவள் அமுக்கு எனக்குத் தெரியும், லேசில் விடமாட்டாள். பிறகு இடது கையைத் தூக்கி, மூன்று விரலை விரித்து, "ஊணு!" என்று கத்தினாள்.

திரைக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது.

"ஊணா? பசிக்குதாம்மா உனக்கு?" என்றார் தொட்டையன், உத்தரத்திலிருந்து கண்ணை இறக்கிக்கொண்டே. இறக்கியவர் என் இரண்டு கையையும் முழங்கால்மேல் பார்த்தார். துண்டைத் தூக்கினார். சித்தம்மா அவர் கையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது செல்லாது" என்றார்.

கெம்பையன் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார். "எது செல்லாது?"

"இந்தப் பொண்ணு கை ஐயா இது!"

"யாரு கைன்னு தெரியாம வெல பேசினீங்களா? அப்படித்தான் நான் கொள்ளேகாலத்துச் சந்தையில சொல்லணுமா?"

"நீ ஏன் சொல்லணும்?"

"கேப்பாங்கல்ல. கேட்டா என்ன சொல்லட்டும்? தொட்டையனுக்கு வயசாச்சு, ஆம்பளைக் கைக்கும் பொம்பளைக் கைக்கும் வித்தியாசம் தெரியலன்னா? இல்ல, எண்ணத் தெரியாத பிள்ளைகிட்ட ரெண்டு சவரன் தோத்துட்டாருன்னா?"

தொட்டையன் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். சொல்லவில்லை. அதையும் அவர் கெட்டித்தனம் என்றே எடுத்துக்கொண்டார். கையை மெதுவாக இழுத்தார், அவள் விடவில்லை. மறுபடி ஒரு அமுக்கு அமுக்கி, அப்புறம் விட்டாள்.

"கொலைகார வியாபாரிடா நீ, சென்னப்பா" என்று எழுந்தார். "பதிமூணு. பொண்ணு இருக்கட்டும். பந்தல்ல முன்னால வந்து நிக்காம பாத்துக்க."

"நிக்கும்" என்றாள் மாரக்காள். திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. பின்னாலிருந்து மாதேவி எட்டிப்பார்த்துச் சொன்னாள், "அக்காதாங்க ஆரத்தி எடுப்பா. அதுக்கும் துண்டு போடுவீங்களா?"

தொட்டையன் வாயைத் திறந்தார். கெம்பையன் சொம்பை மறுபடி கையில் எடுத்தார். தொட்டையன் வாயை மூடிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

அவர்கள் போன பிறகு மாரக்காள் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"மூணுக்கு முன்னால என்ன இருந்துச்சு?"

"நாலு."

"அதுக்கு முன்னால?"

"அஞ்சு."

"கைய மூடியிருந்தா?"

நான் துண்டை எடுத்து மடித்தேன். அவள் உள்ளே போனாள். மடித்து வைத்த பாவாடைகளை உதறும் சத்தம் கேட்டது. அப்புறம் பருப்பு வேகும் மணம்.

சாயங்காலம் பசம்மா வந்து, "இன்னிக்கு என்ன விசேஷம்? பதினொண்ணு வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

"என்ற மக ஒரு வியாபாரம் முடிச்சா" என்றாள் மாரக்காள்.

தெரு முழுக்க ஒப்பட்டு போனது. சித்தம்மாவே தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், கதவைத் திறந்தவர்களுக்கெல்லாம் முதலில் மூன்று விரல், பிறகு ஒப்பட்டு. கடைக்கும் தட்டு வந்தது. மறுபடி வந்த கெம்பையனுக்கு ஒன்று, மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. மாரக்காள் என் முன்னால் நிற்காமல் தட்டோடு போனாள். எனக்குக் கோபம் வரவில்லை. பசியும் இல்லை.

மறுநாள் காலையில் கல்லாப் பெட்டியின் மேல் மாரக்காளின் அட்டிகை இருந்தது. நான் கேட்கவில்லை, அவள் கொடுத்ததாகவும் சொல்லவில்லை. நிறுத்தேன். பேரேட்டை எடுத்து எழுதினேன்.

மாதேவி கல்யாணம், நகைச் செலவு, பதின்மூன்று சவரன்.
வரவு: கடைச் சரக்கை விற்கும் வகையில், பத்து.
வரவு: மாரக்காள் அட்டிகை, மூன்று.
நேர்.

முடித்துவைத்த கைக்குத் தரகு எழுதாமல் கணக்கை மூடுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அடுத்த வரியில் பெயரை எழுதினேன். இத்தனை வருஷப் பேரேட்டில் அந்தப் பெயர் விழுந்தது அதுதான் முதல் தடவை. தொகைக்கு என்ன எழுதுவது என்று மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன்.

தரகு, சித்தம்மா: பாக்கி.