விரல் பட்ட பந்து

நார்த்கேட் கால்பந்து கிளப்புக்குப் பதினொரு சீசன் ஆடினேன். இப்போது ஒன்பது வருடமாகத் தலைவர். 1891இல் பட்டம் வாங்கித் தந்த கேப்டன் என்று ஒவ்வொரு விருந்திலும் என்னைப் புகழ்கிறார்கள். கேட்டால் வறுத்த ஆட்டுக்கறித் தட்டைத் தள்ளி வைத்துவிடுகிறேன்.

அந்தக் கடைசி ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருந்தது. எங்கள் ஆள் உதைத்த பந்தைப் பிடிக்க எம்பினேன். அது என் விரல் நுனியை உரசிக்கொண்டு கம்பங்களுக்கு நடுவே போனது. பந்தைக் கையால் பிடித்தும் ஆடும் எங்கள் ஆட்டத்தில், உதைத்த பந்து வழியில் யார் விரலில் பட்டாலும் கோல் இல்லை என்பது விதி. கோல் நடுவர் பார்னி குவில்லிகனுக்குக் கூட்டம் மறைத்துவிட்டது. என்னிடமே கேட்டார்.

"ஆம்ப்ரோஸ், கை பட்டுச்சாப்பா?"

"படவே இல்லீங்க."

அவர் கோல் என்று இரண்டு கொடிகளையும் அசைத்தார். ஜெயித்தோம். பந்து விரலில் பட்டதைப் பார்த்த எதிரணி ரசிகர்கள் அவரைத் தெருவரை துரத்திக் குடையால் அடித்தார்கள். அப்புறம் யாரும் அவரை நடுவராகக் கூப்பிடவில்லை. 'குருட்டு பார்னி' என்ற பெயர்தான் மிச்சம். பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்டவன்.

போன செவ்வாய்க்கிழமை கமிட்டிக்கு அவர் கடிதம் வந்தது. மைதான வாசலில் டிக்கெட் பார்க்கும் வேலை கேட்டிருந்தார். செயலாளர் பெர்சி லக் குலுங்கிச் சிரித்தான்.

"இவரை வாசல்ல நிக்க வெச்சா, ஓசில குதிரை வண்டியே உள்ள வந்துடும் தலைவரே!"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பட்டம் நாறும், சுவரிலிருக்கும் என் படம் இறங்கும். "வேலையைக் குடுங்கய்யா!" என்று மேசையைத் தட்டியதோடு சரி.

நேற்று உண்மையைச் சொல்லிவிடலாமென்று அவர் வீட்டுக்கே போனேன். பார்னி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தலைவரே! ஊரே திட்டுச்சு, என் பொண்டாட்டிகூட நம்பல. ஆம்ப்ரோஸ் டக்வெல் பொய் சொல்ற ஆளில்லை, அவர்கிட்ட கேட்டுத்தான் கொடியை ஆட்டினேன்னு சொல்லிச் சொல்லியே பதினெட்டு வருஷம் தலை நிமிந்து நடந்துட்டேன்."

உண்மை தெரிந்தால் மனிதர் உடைந்துவிடுவார் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பயந்தது எனக்காகத்தான்.

"சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கே வேலைக்கு வந்துடுங்க பார்னி," என்றேன்.

வழியனுப்ப அவர் மனைவி ஹனோரா வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வேலிக் கதவுவரை வந்தாள். தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அவரு இன்னும் உங்களை நம்புறாரு. நான் அன்னிக்கும் நம்பல, இன்னிக்கும் நம்பலீங்க."

தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தேன்.